உதவியாளர் மூன்று கேட்டது

பச்சைப் புள்ளி எரிகிறவரை அவர்கள் உள்ளே இருக்கிறார்கள், அது சாம்பல் நிறமாகிவிட்டால் நம்மை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம், அதனால் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது திரையைத் தொட்டுக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு மகள் மோகனப்பிரியா வேதியியல் கட்டடத்துக்குள் போய்விட்டாள். செய்முறைத் தேர்வு. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். சட்ட நூலகத்துக்காரர்கள் மற்றத் துறைப் பிள்ளைகளுக்கு உதவுவது வெள்ளிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைதானாம், அதுவும் போனில் எழுதிக் கேட்டால்தானாம், அதுவும் பல்கலைக்கழகத்து வைஃபை எட்டுகிற இடத்தில் உட்கார்ந்து கேட்டால்தானாம். வீட்டிலிருந்து கேட்டால் பக்கமே திறக்காது. ஆகவே பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, நாற்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இந்த சிமெண்டு பெஞ்சில் மகளுடைய போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சில் கட்டெறும்பு ஊர்கிறது. எழுந்து தட்டலாம் என்றால் போன் கை நழுவிவிடுமோ என்று பயம். எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி இருக்குமா, அதுதான் சட்ட நூலகம். கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கிறது, சட்டத்துறை மாணவர்களுக்கு மட்டும். இங்கிருந்தே படிக்க முடிகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்டுமாக நான்கு பேர் வெளியே வருகிறார்கள், அதில் ஒருத்தி எதையோ சொல்லிச் சிரிக்கிறாள், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ. பார்த்தால் பார்க்கட்டும். நாளைக்கு இவர்கள்தான் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு என்னைப் போன்றவளிடம் எத்தனாவது படித்தீர்கள் என்று கேட்கப் போகிறவர்கள்.

மகள் கட்டடத்துக்குள் போன கையோடு நூலக வாசலுக்குப் போய்ப் பார்க்காமல் இல்லை. காவலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "யாரப் பாக்கோணும்?" "உள்ள உதவி பண்றவங்கள." "ஐடி கார்டு?" "எம் பொண்ணு இங்கதானுங்க படிக்குது." "லாவா?" "கெமிஸ்ட்ரி." "கெமிஸ்ட்ரின்னா ஆன்லைன்லதானுங்க்கா. அங்க போய் உக்காந்து போன்ல கேளுங்க." "அவிங்க இதுக்குள்ளதான இருக்கறாங்க?" "ஆமா, இருக்கறாங்க." "இங்கிருந்து கூப்பிட்டா கேக்குமா?" "கேக்கும். ஆனா கூப்பிடக் கூடாது." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்திருப்பேன், வேறு ஒரு நாளாக இருந்தால். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆளை உட்கார வைத்துவிட்டு, போனில் எழுது, வரிசையில் நில், உங்களுக்கு முன்னால் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று காட்டுவதற்கு ஒரு படிப்பு வேண்டும். நான்கு மூன்றாகி, மூன்று இரண்டாகி, இரண்டிலேயே நின்றுவிட்டது. யார் அந்த இரண்டு பேர்? அவர்களுக்கு என்ன அவசரம்? அவர்களுடைய அண்ணன் அவர்கள் மேல் கேஸ் போட்டிருக்கிறானா? அவர்களும் செவ்வாய்க்கிழமைக்குள் கோர்ட்டில் பதில் கொடுக்க வேண்டுமா? மார்க்குக்காக எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். திரையைத் தொட்டேன். எதையாவது அழுத்திவிட்டேனோ என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. புள்ளி பச்சையாகத்தான் இருக்கிறது. சார்ஜ் முப்பத்தொன்று. நேற்று இரவே போட்டு வை என்றேன், கேட்டால்தானே.

அவள் அடித்து வைத்துவிட்டுப் போன கேள்வி மேலே நிற்கிறது. பத்துத் தடவையாவது படித்துவிட்டேன். 'படிக்கத் தெரியாத ஒரு பெண், பிறந்த வீட்டில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தந்த விடுதலைப் பத்திரம் செல்லாது என்று சொன்ன தீர்ப்புகள் வேண்டும். பாடத்துக்காக.' பாடத்துக்காக என்பது பொய். சொந்தக் கேஸ் என்றால் அவர்கள் உதவ மாட்டார்களாம், வக்கீலைப் பாருங்கள் என்று மூடிவிடுவார்களாம். அதனால்தான் பாடம். ஆனால் முதல் பொய் அது இல்லையே. முதல் பொய் முதல் வார்த்தையிலேயே இருக்கிறது. படிக்கத் தெரியாத ஒரு பெண். அது நான். இலவச சட்ட உதவி வக்கீல் முன்னால் போன வாரம் உட்கார்ந்திருந்தபோது அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், "எத்தனாவது படிச்சீங்கம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "படிக்கலீங்க சார், கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். அவர் எழுதிக்கொண்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன், ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று. "எட்டாவது படிச்சவளுக்கு அந்தப் பத்திரம் புரியுமாம்மா? எனக்கே புரியல. அப்ப படிக்கத் தெரியாததும் அதுவும் ஒண்ணுதான" என்றாள். ஒன்றுதானா? எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிப் பாஸானேன். அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும், வீட்டில் இன்னொரு சம்பளம் வேண்டும் என்றுதான் நிறுத்தினார்கள், படிப்பு ஏறாமல் இல்லை. கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டினால் செக்கிங் பொம்பளைகள் எல்லாம், "வசந்தாமணியக்கா, என்னன்னு பாருங்க" என்று என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அண்ணன் அனுப்பிய கோர்ட்டு நோட்டீசை இவள் வகுப்பு முடிந்து வருவதற்குள் நான் மூன்று தடவை படித்திருந்தேன். இப்போதும் பாருங்கள், போனில் வருகிற கேள்வி பதிலைத் தமிழுக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், உனக்குப் புரியட்டும் என்று. கோர்ட்டில் படிக்கத் தெரியாதவளாக இருக்க வேண்டும், வைஃபைக்குக் காவல் உட்கார மட்டும் படிக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கொடுக்கிற காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்துவிடலாமா என்றுகூட வக்கீலிடம் கேட்டாள். என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டேன் அப்போது. கத்திரி பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரல். மை ஒட்டுமா என்பதே சந்தேகம்.

ஒன்று குறைந்துவிட்டது. உங்களுக்கு முன்னால் ஒருவர். மணி பதினொன்று இருபது. குதிகால் குடைகிறது. செருப்பைக் கழற்றினால் எறும்பு, கழற்றாவிட்டால் வலி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஏசி இருக்கும். அந்தச் சன்னல் ஓரம் நீலச் சட்டை போட்ட ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அவனாக இருக்குமோ. அவன் கொட்டாவி விடுகிறான். விடட்டும், அவனுக்கென்ன, பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையைத் திறப்பான். எனக்குப் பின்கட்டு இரண்டு ரூமும் போய்விடும். போனால் எங்கே போவது என்ற யோசனை வரும்போதெல்லாம் யோசனை அப்படியே கதவில் முட்டிய மாடு மாதிரி நின்றுவிடுகிறது. பதினொரு வருடமாக அந்த இரண்டு ரூம்தான். அண்ணி தண்ணி மோட்டாரை நிறுத்துவது, கொடியில் காயும் துணியை ஒதுக்கிப் போடுவது, வாசல் லைட்டை அணைப்பது, எல்லாம் பொறுத்துக்கொண்டுதான். அண்ணன் பையனுக்குக் கல்யாணம் வந்ததும் பின்கட்டு வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் காலி பண்ணச் சொல்லிக் கேஸ். என் அனுமதியின் பேரில் இலவசமாகக் குடியிருந்து வருகிறார் என்று எழுதியிருக்கிறார், கூடப் பிறந்தவர். அனுமதி. அந்த வார்த்தையில்தான் ஒவ்வொரு தடவையும் கண் நின்றுவிடுகிறது. அப்பா கட்டிய வீட்டில் எனக்கு அனுமதி. இவளோ மாமா ஏமாற்றிவிட்டார், படிக்கத் தெரியாத தங்கச்சியிடம் எதையோ சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். அந்த உச்சுக் கொட்டல் எனக்குச் சுகமாகத்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிக்காதவள் ஏமாந்தால் பாவம் என்பார்கள். படித்துப் பார்த்துவிட்டு ஏமாந்தவளை என்ன என்பார்கள்? அதற்கு இருக்கிற வார்த்தை எனக்குத் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. தொடு. தொட்டேன். பச்சை.

'வணக்கம். நான் உதவியாளர் 3. உங்கள் கேள்வியைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.' பேர்கூட இல்லை. மூன்று. என் கேள்வியை ஒரு நம்பர் படித்துக்கொண்டிருக்கிறது. மூன்று புள்ளிகள் ஓடுகின்றன, நிற்கின்றன, மறுபடி ஓடுகின்றன. ஃபைல் ஏதாவது வந்தால் கீழ்நோக்கின அம்பை அழுத்து, வேறு எதையாவது கேட்டால் பிறகு சொல்கிறேன் என்று எழுது, அவ்வளவுதான், வேறு எதிலும் கை வைக்காதே என்றாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னாள். அம்பு வரவில்லை. கேள்விதான் வந்தது. 'தேடுவதற்கு முன் இரண்டு விவரங்கள் தேவை. அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே எழுதப் படிக்கத் தெரியாதா, அல்லது கொஞ்சமாவது தெரியுமா? கையெழுத்திடும் முன் பத்திரத்தை அவரே படித்தாரா, யாராவது படித்துக் காட்டினார்களா, இரண்டும் இல்லையா? இதைப் பொறுத்துத் தீர்ப்புகள் முற்றிலும் மாறும்.' போன் சூடாக இருந்தது. என் கைதான் அப்படியோ என்னவோ. நீலச் சட்டைக்காரனை நிமிர்ந்து பார்த்தேன். அவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான், அவன் இல்லை. வேறு யாரோ, கண்ணாடிக்கு அப்பால், எனக்குத் தெரியாத மேசையில் உட்கார்ந்துகொண்டு, பதினொரு வருடமாக யாரும் கேட்காத ஒன்றை இவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறார்கள். உனக்கென்ன அக்கறை? கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போயேன். உண்மையிலேயே என்று ஒரு வார்த்தை வேறு. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, பிறகு சொல்கிறேன் என்று அடித்தேன். போய்விட்டது. உடனே பதில். 'சரி. ஆனால் இன்றைய நேரம் 12 மணியுடன் முடிகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை தொடரலாம்.' அடுத்த வெள்ளிக்கிழமை. செவ்வாய் போய், புதன் போய், வியாழன் போய். மணி பதினொன்று முப்பத்தைந்து. வேதியியல் கட்டடத்தின் படியில் ஒருவரும் இல்லை.

தெரியாது என்று போட்டுவிடலாம். ஒரே வார்த்தை. அதற்கான தீர்ப்பு வரும், அம்பு வரும், அழுத்தினால் இறங்கும், இவள் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள். தெ வந்தது, ரி வந்தது. கட்டைவிரல் அப்படியே நின்றது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று என் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது, தெரு நாய்கூடச் சிரிக்கும். படிச்சுப் பாத்தே போடு அம்மிணி, நாளைக்கு அண்ணன் ஏமாத்திட்டான்னு பேச்சு வரக் கூடாது என்று சொன்னது கூடப் பிறந்த சென்னியப்பன் அண்ணனேதானே. சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவர் கடை, ஃபேன் ஓடாத இடம், இவள் அப்பா செத்து அறுபது நாள்கூட ஆகவில்லை, இவள் ஐந்தாம் வகுப்பு. நான்கு பக்கம். நான் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். யாருடைய தூண்டுதலும் இன்றி என் மனப்பூர்வமாக என்று வந்தது, இனி எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை என்று வந்தது. யாதொரு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? மூன்றாம் பக்கத்தில் தேடினேன், நான்காம் பக்கத்தில் தேடினேன், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தேன். கேட்டேன். "ஏனுங்ணா, பின்கட்டு ரெண்டு ரூம்பும் நா இருக்கற வரைக்கும் எனக்குத்தான்னு சொன்னீங்களே, அது இதுல எங்க வருதுங்?" எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சிரித்தார். "அதையெல்லாம் பத்திரத்துல எழுதுவாங்களா? அண்ணன் வாய்ல சொன்னது பத்தலியாட்ட இருக்குது. சரி, எழுதித்தான் ஆகோணும்னா எழுதச் சொல்றேன். அப்பறம் அண்ணன் தங்கச்சின்னு எதுக்கு? வக்கீல வெச்சே பேசிக்கலாம்." எழுதுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. அதுவும் ஒரே வார்த்தைதான். சொன்னால் அடுத்த மாதம் இவளுக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, இவள் பெரியவளானால் திரட்டிச் சீருக்கு யார் மாமனாக வந்து நிற்பது, அண்ணன் இல்லாத பொம்பளை என்று தெரிந்தால் கம்பெனி சூப்பர்வைசர் எப்படிப் பார்ப்பான், இதெல்லாம் ஒரு நிமிடத்தில் வந்து போனது. பேனாவை வாங்கினேன். நான்கு இடத்தில் போட்டேன். கையெழுத்து அழகாகவே வந்தது.

தெ, ரி. யா போடவில்லை. யு போட்டேன், ம் போட்டேன். தெரியும். அனுப்பினேன். அப்புறம் படித்தார் என்று போட்டு அதையும் அனுப்பினேன். படித்தாராம், யாரோ பெரிய மனுசி மாதிரி. போய்விட்டது, பின்கட்டு போய்விட்டது, இனி சாமானை ஏற்ற ஆட்டோ பார்க்க வேண்டியதுதான். புள்ளிகள் ஓடின. 'நன்றி. அப்படியானால் நீங்கள் கேட்ட தீர்ப்புகள் இந்தப் பெண்ணுக்குப் பயன்படாது. அவற்றைக் காட்டினால் எதிர்த்தரப்பு எளிதாக உடைத்துவிடும், பள்ளிச் சான்று ஒன்று போதும். படித்த பிறகும் ஏன் கையெழுத்திட்டார்? அண்ணன் ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தாரா? எழுதினால் வேறு தலைப்பில் தேடித் தருகிறேன்.' பள்ளிச் சான்று. அண்ணனிடம் அது இருக்கும், அப்பாவின் இரும்புப் பெட்டியே அவர் வீட்டில்தானே இருக்கிறது. என் பெருவிரலில் மை தடவிக் கோர்ட்டுக்கு அனுப்பியிருப்பாள் என் மகள், அவர் பெட்டியைத் திறந்து எட்டாவது பாஸ் என்று ஒரு தாளை எடுத்து நீட்டியிருப்பார். நினைக்கும்போதே காது சுட்டது. மணி பதினொன்று நாற்பத்து நான்கு. நான் அடிக்கிற வேகத்துக்கு ஒரு வரிக்கு இரண்டு நிமிடம். ஆரம்பித்தேன். 'பத்திரத்தைப் படித்தபோது பின்கட்டைப் பற்றி இல்லை என்று பார்த்து'

"என்னம்மா அடிக்கற நீ?" எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, மேலங்கியில் மஞ்சள் கறையோடு, தேர்வை முன்னாலேயே முடித்துவிட்டுப் பதறி ஓடிவந்திருக்கிறாள். "ஒரே ஒரு வேலதான சொன்னேன்? தொட்டுட்டே இருன்னு." "தொட்டுட்டுத்தான் இருந்தேன்." எட்டிப் பார்த்து விரலால் மேலே தள்ளிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது, நான் பார்க்காத மாதிரி எறும்பைப் பார்த்தேன். "அய்யோ. தெரியும்னு அனுப்பிட்டியா? நீ படிச்சியா அந்தப் பத்திரத்த?" "படிச்சேன்." "முழுசாவா?" "நாலு பக்கமும்." "படிச்சுட்டாம்மா போட்ட?" பதினொரு வருடம் எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது, ரோட்டோரத்தில், வெயிலில், ஒரு பெஞ்சில் வைத்து. வந்த பிறகு அது அவ்வளவு பெரியதாக இல்லை. "ஆமா. படிச்சுட்டுத்தான் போட்டேன்." "எங்கிட்ட ஏம்மா சொல்லவே இல்ல?" "நீ எங்கடி கேட்ட? வக்கீல் எங்கிட்டக் கேட்டதுக்கும் நீயேதான சொன்ன." கண்ணாடிக் கதவைக் கை காட்டினேன். "அதுக்குள்ள இருக்கறவங்க கேட்டாங்க. சொல்லிட்டேன்." "போச்சு. இனி அந்த வக்கீல் மூஞ்சில நா எப்பிடி முழிப்பேன்?" "நீ ஏன் முழிக்கற? நா முழிச்சுக்கறேன். படிக்காதவள்னு போயி நிக்கறதுக்கு இது ஒண்ணும் கேவலம் இல்ல."

குடு, நான் அடிக்கிறேன், உனக்கு நேரமாகும் என்று போனைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாள். பத்து நிமிடம் போதும் என்றேன். கோபத்தில் அவளுக்கு மூக்கு விடைத்துக்கொண்டது, அச்சு அவள் மாமா. என்னை அடித்துவிடுவாள் போலத்தான் நின்றாள். பிறகு மேலங்கியைக் கழற்றிச் சுருட்டிப் பெஞ்சில் போட்டுவிட்டு ஒட்டி உட்கார்ந்தாள். நான் 'கேட்டாள்' என்று அடித்தேன், 'அண்ணன்' என்று அடித்தேன், அவள் தோளுக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சின்னக் குரலில், "அதுக்கு மாமா என்ன சொன்னாரு?" என்றாள்.

"தள்ளி உக்காரு, மறைக்காத. எழுதிட்டுத்தான இருக்கறேன். படிச்சுக்கோ."